ஹெப்பி-கோ-லக்கி உம்மா

மகளுக்கு, வாப்பா போனபின் நான் தனித்திருக்கும் இத்தா அறைக்குள்ளிருந்து உம்மாவின் ஸலாம்.

போன கிழமை வந்தபோது உன் மாமியிடம், "எங்கட உம்மா ஹெப்பி-கோ-லக்கி" என்றாய். அவ முகத்தைச் சுளித்தா. நீ புகழ்ந்தாயா, ஏசினாயா? இன்னும் எனக்கு விளங்கவில்லை.

பக்கத்து வீட்டு ஷஸ்னா டீச்சரிடம் கேட்டேன். மூன்று சொல்லை ஒட்டிச் செய்ததாம். கவலையே இல்லாத ஆள் என்று அர்த்தமாம். ஆதியில் 'வருவது வரட்டும்' என்பதுதானாம்.

"அப்பிடியெண்டா அது என்ட மாப்பிள்ளைதான் டீச்சர். காத்தப் பாக்காமக் கடலுக்குள்ள போட்டத் தள்ளின மனுசன்" என்றேன், உன் வாப்பாவை நினைத்து. டீச்சர் சிரிக்கவில்லை. ஏனோ தெரியாது.

வாப்பா மௌத்தானதில் எனக்குக் கவலையில்லை என்று நீயும் நினைக்கிறாயா மகள்? நீங்கள் வந்த அன்று பின்னேரம், அஸர் தொழுகை நேரம், உன் மாமியின் குறட்டையைச் சொல்லிக் கேலிபண்ணிச் சத்தமாகச் சிரித்தேன், உண்மைதான். அது கற்பிட்டிப் போட்டுகள் கரைக்குத் திரும்புகிற நேரம். மோட்டர் சத்தம் ஒவ்வொன்றாக வரும். இதில் எது வாப்பாவின் மோட்டர் என்று இந்தக் காது தேடும். நான் என்ன செய்ய?

அடுத்த கிழமையும் அதே நேரத்துக்கு வா. மாமியையும் கட்டாயம் கூட்டி வா. அந்த நேரம் கேலிபண்ண எனக்கு ஆள் வேண்டும்.

உன் உம்மா