இடது என்று எழுதிய ஹப்

வாண்டேஜ், இங்கிலாந்து,
மே 27, செவ்வாய்

அன்பு மகள் ப்ரிஜிட்டுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நியூசிலாந்தின் வெலிங்டன் குளிரைச் சமாளித்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நடமாட்டத்தில் குறையில்லை. முதலில் உறுதியான செய்தி. காரின் முன்சக்கரம் கழன்றதற்குக் காரணம் தேய்மானம் இல்லை. சக்கரத்தைத் தாங்கும் மரை வெட்டிய நடுத்துண்டு இருக்கிறதே, அந்த ஹப், வலப்பக்கத்தது இடப்பக்கமும், இடப்பக்கத்தது வலப்பக்கமும் மாட்டப்பட்டிருந்தன. மாட்டியவர் அப்பா. இன்று காலை பத்தரை மணிக்கு இதை என்னிடம் சொன்னவரும் அவரே. ஃபோனில் சொன்னால் வரிசை தவறிவிடும், முப்பது வருஷம் பத்திரிகைக்கு எழுதிய கைக்கு இதுதான் வருகிறது.

மே பதினொன்று, ஞாயிறு, பழைய கார் கிளப்காரர்கள் சேர்ந்து கிளம்பும் காலை. ஒன்பது வருஷமாக அப்பா பிரித்து, துருவெடுத்து, மாட்டிக்கொண்டிருந்த பச்சை எம்.ஜி. கார் முதல் முறையாக ரோட்டுக்கு வந்தது. கிளம்புவதற்கு முன் செம்புச் சுத்தியலோடு வரிசையாகப் போய் எல்லாருடைய சக்கரங்களிலும் அந்தக் காது வைத்த நட்டைத் தட்டி இறுக்குவது அப்பாவின் வேலை, உனக்குத் தெரியும். அன்றும் தட்டினார், தன்னுடையதையும் சேர்த்து. நன்றாகத்தான் இறுகியிருந்தது. ஆனால் வலப்பக்க மரை ஒரு திசை, இடப்பக்க மரை எதிர்த் திசை. வண்டி ஓட ஓட இறுகுவதற்காக அப்படி. பக்கம் மாறினால் ஓட ஓடக் கழலும். அப்படி மாற்றி மாட்டிய புதியவர்களை முப்பது வருஷமாகக் கேலி செய்தவர் உன் அப்பா. இரண்டு மைல் தாண்டி மேடு ஏறும்போது வலப்பக்க முன்சக்கரம் எங்களை முந்திக்கொண்டு போய் மஞ்சள் கடுகு வயலுக்குள் இறங்கியது. வேகம் இருபது மைல்தான். வண்டி சரிந்து தாரைத் தேய்த்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் நான். இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. நாற்பது வருஷமாக அப்பாவோடு ஸ்பானர் பிடிக்கும் ட்ரெவர் பின்னால் வந்த தன் காரிலிருந்து இறங்கி வந்து, "டேய் டெஸ், உன்னைவிட உன் சக்கரத்துக்கு அவசரம்டா" என்றார். அப்பா விடவில்லை. "அறுபது வருஷத்து இரும்புடா, மரை தேஞ்சிருக்கும். உன் பல்லு தேயலையா?" எல்லாரும் சிரித்தோம்.

அன்று சாயங்காலம் வண்டியை நம் கராஜில் இறக்கிவிட்டு ட்ரெவர் சமையலறைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. "ஹிலரி, தேய்மானம் இல்ல. பக்கம் மாறியிருக்கு. வேற எவனாவது செஞ்சிருந்தா நானே ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிருப்பேன். செஞ்சது இவன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ." ஒருவர் சொன்னதை வைத்து நான் எதையும் எழுதியதில்லை, அதனால் உனக்கும் அப்போது எழுதவில்லை. ஆனால் ஏப்ரலில் அவர் வெறும் கெட்டிலை மூன்று முறை அடுப்பில் வைத்ததை நான் குறித்து வைத்திருந்தேன். மே இருபதாம் தேதி டாக்டர், ஞாபகத்தைச் சோதிக்க, ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். "எங்க காலத்துக் கார்ல ஓடுற கடிகாரத்தை நான் பார்த்ததே இல்லையே டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே அப்பா வரைந்தார். எட்டு வரை எண் போட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டார். டாக்டர் மூளை ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார், முடிவு வரும்வரை எந்த வண்டியும் ஓட்டக் கூடாது என்றார். எனக்கு அழுகை வரவில்லை. வருத்தமா என்று நீ கேட்டால் அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்கடுத்த ஞாயிறன்று ஆட்டிறைச்சி வேகவைத்தேன், சாப்பிட்டோம், உப்பு போட்டேனா என்று இருவருக்குமே தெரியவில்லை.

இன்று காலை டீ கொண்டுபோனபோது அப்பா முன்ஹப் இரண்டையும் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தார். ஒன்றின் பின்னால் 'வலது', மற்றதன் பின்னால் 'இடது', வெள்ளைப் பெயின்டில், ஒன்பது வருஷத்துக்கு முன் பிரித்த அன்று எழுதியது. "ஹில், இது என் கையெழுத்துதானே?" என்றார். ஆமாம் என்றேன். "இதைப் படிச்சிட்டுத்தான் மாட்டினேன். படிச்சது ஞாபகம் இருக்கு. ஏன் மாத்தி மாட்டினேன்னு தெரியல." டீயை முழுக்கக் குடித்தார். பிறகு, "நீ படி, நான் மாட்டறேன்" என்றார். நான் 'இடது' என்று படித்தேன். ஹப்பைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். நான் கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் போனார். மற்றது மிச்சமிருந்த பக்கத்துக்குப் போனது. முடித்ததும் சாவியை என் ஏப்ரன் பையில் போட்டு, "ஜூலையில ப்ரிஜிட் வந்து ஓட்டட்டும். நான் பக்கத்துல உக்காந்து குறை சொல்றேன்" என்றார்.

ஆகவே டிக்கெட்டைத் தள்ளிப்போடாதே. ஞாயிறு ஃபோனில் சக்கரத்தைப் பற்றிக் கேட்காதே, பெயின்டைப் பற்றிக் கேள், அதைப் பற்றி அரை மணி நேரம் பிசகாமல் பேசுகிறார். நீங்கள் இருவரும் எடுத்த காரியமெல்லாம் நிறைவேறி நன்றாக இருங்கள். ஸ்கேன் முடிவு ஜூன் பன்னிரண்டு, வியாழன், மதியம் இரண்டரைக்கு. அவர் இனி ஓட்டலாமா என்பதும் அன்றுதான் தெரியும். இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன், உனக்கு அப்போது வெள்ளி காலை ஏழு. ஃபோனைக் கையருகில் வைத்திரு.

இப்படிக்கு,
அம்மா