ஏறி இறங்கும் சத்தம்

கடிதம் எண் 7
தாழக்குடி
18 நவம்பர் 2014, செவ்வாய்க்கிழமை, காலை மணி 6.40
(கொல்லம் 1190 கார்த்திகை 2)

பொருள்: என் மூச்சு எந்திரத்தின் காற்றழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்துவதா, தேவைக்கேற்ப அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ள விடுவதா என்பது குறித்து.

என் மதிப்பிற்கும் பிரியத்திற்கும் உரிய பூதலிங்கம் அத்தான்,

பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன், மறைந்துபோன அத்தானுக்கும் ‘பொருள்’ எழுதித்தான் தொடங்குவான் என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரியுங்கள். இந்த வயதில் வேறு விதமாக எழுதப் பழக முடியாது.

ஆண்டுக்கு ஒன்றாக, உங்கள் திதியன்று எழுதி, உங்கள் படத்தின் பின்னால் செருகி வைப்பது என் வழக்கம். இம்முறை திதிக்கு முன்பே எழுதுகிறேன். இதன் ஒரு படியை ஊர் வாசகசாலை மலருக்கும் கொடுக்கிறேன். அக்காவின் அனுமதியைக் கேட்டுக்கொண்டேன். “குடு. நம்ம வீட்டுச் சங்கதி நாலு வீட்டுக்கு உதவட்டும்” என்றாள்.

2007இல் நீங்கள் உறக்கத்திலேயே போனபோது, வந்தவர்கள் எல்லோரும் நல்ல சாவு என்றார்கள். நானும் தலையசைத்தேன். அதற்கு முன்பெல்லாம் உங்கள் குறட்டையைக் கேட்டு, கவலையற்ற மனிதரின் உறக்கம் என்று நாம் வேடிக்கை பேசியிருக்கிறோம். உங்களுக்குப் பின் அக்கா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். தனிக்கட்டையான எனக்கும் அப்படியொரு குறட்டை இருப்பதும், அது நடுவில் நின்று நின்று வருவதும் அவள் வந்த பிறகே தெரிந்தது. டாக்டரிடம் போகச் சொல்லி ஆண்டுக்கணக்காக நச்சரித்தாள். இந்த ஆகஸ்டில், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே உறங்கி, சாம்பாரில் கையூன்றி விழித்தபோதுதான் சம்மதித்தேன்.

மார்த்தாண்டத்தில் நெஞ்சு நோய்க்கான டாக்டர் ஒருவர் இருக்கிறார். குளச்சல் பக்கத்துக் கடற்கரைப் பெண். வயது குறைவு, பொறுமை அதிகம். உறக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிறது என்று சோதித்துச் சொன்னார். மூக்கில் மாஸ்க் வைத்து, குழாய் வழியாகக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும் எந்திரம் வேண்டும் என்றார்.

“ரெண்டு வழி உண்டு சார். பிக்ஸட்ல வச்சா ராத்திரி பூரா ஒரே பிரஷர். ஆட்டோன்னா உங்க தொண்ட அடையதுக்குத் தக்க அதுவே கூட்டிக் கொறைக்கும். நீங்க மல்லாந்து கிடந்தா கூடுதலு வேணும், சரிஞ்சு கிடந்தா கொறைவு போதும். உங்களுக்கு ஆட்டோ நல்லதுண்ணு தோணுது.”

என் குணம் உங்களுக்குத் தெரியும். அளவு என்றால் அது நிலையாக இருக்க வேண்டும் என்றேன். ஓர் எந்திரம் என்னைக் கேட்காமல் தீர்மானிப்பது முறையா என்றும் கேட்டேன்.

“கேக்கலாம் சார். ஆனா நீங்க அப்பம் உறங்கிட்டுல்லா இருப்பிய?”

செப்டம்பர் முதல் தேதி ஆட்டோவில் தொடங்கினேன். முதல் இரவு மாஸ்க்கோடு என்னைப் பார்த்த அக்கா, “ஏலே, பிள்ளையாருக்குத் தும்பிக்கை வச்ச மாதிரில்லா இருக்கு. ரெண்டு கொழுக்கட்ட அவிக்கட்டா?” என்றாள். ஒரே வாரத்தில் என் காலைத் தலைவலி போயிற்று. பகலில் செய்தித்தாளை முழுதாக வாசித்தேன். டாக்டரின் பேச்சைக் கேட்டது சரிதான் என்று எண்ணிக்கொண்டேன்.

ஆனால் எனக்குத் தெளிவு வர வர, அக்கா வாடிப்போனாள். கண்ணுக்குக் கீழே கருத்தது. வயது என்று நினைத்தேன். ஒரு நாள் காலை, தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் மூடியைக் கையில் பிடித்தபடியே உறங்கிவிட்டாள். துருவியின் பல்லில் விரல் பட்டு, தேங்காய்ப் பூவெல்லாம் இரத்தம். துணியைச் சுற்றிக் கட்டியபடி கேட்டேன்.

“ராத்திரி உறங்கலியா?”

“உறங்குனேன், உறங்குனேன்.”

“பொய் சொல்லாத அக்கா.”

“அந்தச் சவத்து மெசினுக்கச் சத்தம் ஏறுகு, இறங்குகுல்லா. ஏறும்போ ஒனக்கு மூச்சு முட்டுகோண்ணு எந்திச்சு வாரேன். இறங்கும்போ நின்னே போச்சோண்ணு கதவுகிட்டயே நிக்கேன். பின்ன எங்க உறங்க?”

காதில் பஞ்சு வைத்துக்கொள்ளேன் என்று அறிவில்லாமல் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

“காதுல பஞ்சு வச்ச மாதிரிதானலே அண்ணைக்கும் உறங்குனேன். அவியளுக்கக் கொறட்ட படக்குண்ணு நின்னுது. எனக்கு அப்பாடாண்ணு இருந்துது. இண்ணைக்காவது செத்த நேரம் உறங்கலாம்னு திரும்பிப் படுத்தேன். நல்ல உறக்கம். விடிஞ்சுதான் முழிச்சேன்.”

ஏழு ஆண்டுகளாக அவள் யாரிடமும் சொல்லாத சொற்கள், அத்தான். உங்களுக்கு இது தெரிந்திருக்குமா? அந்த இரவு உங்கள் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது? கேட்பதற்கு ஏழு ஆண்டு தாமதமாகிவிட்டது. ஆயினும் கேட்கிறேன்.

அந்தக் கணமே முடிவு செய்துவிட்டேன். என் தலைவலி பெரிதல்ல. அக்கா உறங்க வேண்டும். அக்டோபர் 10ஆம் தேதி மார்த்தாண்டம் போய், ஒரே அளவில் நிறுத்தித் தருமாறு கேட்டேன். உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை. நிலையான அளவே என் குணத்துக்கு ஏற்றது என்றேன், அதுவும் பொய்யல்ல.

“பண்ணலாம் சார். நெறைய பேருக்கு பிக்ஸடே போதும். எந்திரத்துல பதிஞ்சிருக்கதப் பாத்து, மல்லாந்து கிடந்தாலும் அடையாத அளவுல வச்சுத் தாரேன். ஆனா உங்களுக்கு அது பாதி நேரம் கூடுதலாத் தோணும். உறக்கத்துல மாஸ்க்கக் கழத்திப் போடாம பாத்துக்கிடணும்.”

நான் ஒரு விதியையும் மீறாதவன் என்று அவரிடம் சொன்னேன். விழித்திருக்கும்போது அது உண்மை.

அன்றிரவு எந்திரம் ஒரே சுரத்தில் இரைந்தது. காற்று எனக்கு அதிகமாக இருந்தது, வயிறு உப்பியது, வாய் வறண்டது. ஆனால் கூடத்தில் அக்கா அசையாமல் உறங்கினாள். இரண்டாம் நாளே அவள் முகம் மாறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியிடம் நின்று பேசிச் சிரித்தாள். இந்த வயிற்று உப்பலை நான் ஆயுள் முழுக்கச் சுமப்பேன் என்று எண்ணினேன்.

14ஆம் தேதி காலை, கண் விழித்தபோது அக்கா என் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்க் அவள் மடியில் கிடந்தது. எந்திரம் ஊதிக்கொண்டே இருந்தது.

“எப்பம் கழத்துன?”

“தெரியாது அக்கா.”

“ராத்திரி பூரா இந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டுல்லா நான் உறங்குனேன். இது சுவத்துக்கு ஊதிட்டு இருந்துருக்கு.”

முகத்தை விட்டு விலகினால் இரைச்சல் சற்றுக் கூடத்தான் செய்யும். ஆனால் கூடிய பிறகும் அது சீராகவே இருந்தபடியால் அவளை எழுப்பவில்லை. எனக்குத் தலை பிளந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் எந்திரத்தை நிறுத்தவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. அந்த மாஸ்க்கின் மேல் கையை வைத்து, வரும் காற்றை அடைத்துப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டரிடம் அவளும் வந்தாள். நான் வாய் திறக்கும் முன்பே, நீங்கள் போன அந்த இரவின் கதையைச் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்: “கொறட்ட நின்னப்பம் நான் தட்டி எழுப்பியிருந்தா அவிய இருந்திருப்பாவளா?”

டாக்டர் தன் நாற்காலியை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எனக்குத் தெரியாதும்மா. அவங்களுக்கு இந்த நோய்தான்னு யாரும் சோதிச்சுப் பாக்கல. இருந்திருப்பாங்கண்ணும் சொல்ல முடியாது, இல்லண்ணும் சொல்ல முடியாது. ஆனா நீங்க உறங்குனது தப்புண்ணு எந்த டாக்டரும் சொல்லமாட்டாங்க.”

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எந்திரத்தைக் காட்டினாள்.

“ஆட்டோல இது ஏறுகது எதுக்கு?”

“தொண்ட அடையப் பாக்கும்போ தொறக்கதுக்கு.”

“இறங்குகது?”

“தொறந்தாச்சு, இனி இவ்வளவு வேண்டாம்னு.”

“அப்பம் ஏறி இறங்குனா, அந்தப் பக்கம் ஆளு மூச்சு விட்டுக்கிட்டு இருக்குண்ணுதானே?”

“ஆமாம்மா. மாஸ்க் கழண்டு போனாலும் சத்தம் வேறமாதிரி வரும். கேட்டா உங்களுக்கே தெரியும்.”

“பின்ன அதுலயே வச்சுரு மக்கா. இவன்ட்ட கேக்காண்டாம்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எந்திரத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். மிகக் கீழேயும் மிக மேலேயும் போகாதபடி எல்லையைச் சுருக்கி, ஆட்டோவில் வைத்துத் தந்தார். என் மூக்குக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்க் ஒன்றையும் பார்த்து மாற்றினார்.

ஒரு மாதம் கண்ட பிறகே உங்களுக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன். அக்கா இப்போதும் சில இரவுகளில் விழித்துக்கொள்கிறாள். ஆனால் கதவு வரை வருவதில்லை. காலையில் காப்பியைக் கையில் தரும்போது, பெய்த மழையைச் சொல்வதுபோல், “நடுச்சாமத்துல நல்லா ஏறிச்சு, கேட்டியா? பொறவு பைய இறங்கிச்சு. நானும் திரும்பிப் படுத்துட்டேன்” என்கிறாள். அந்த ‘திரும்பிப் படுத்துட்டேன்’ என்ற சொல்லை இப்போது அவளால் சொல்ல முடிகிறது. இதைத் தெரிவிக்கவே இவ்வளவும் எழுதினேன்.

அத்தான், அவளுக்கு முன் நான் போக மாட்டேன் என்று வாக்குத் தர எனக்கு அதிகாரம் இல்லை. பகலில் கண்ணயர்ந்தால்கூட அந்த மாஸ்க் இல்லாமல் படுக்க மாட்டேன் என்று வாக்குத் தருகிறேன். அவள் உறங்கலாமா என்று காதைத் தீட்டிக் கேட்கும்போது, என் அறையிலிருந்து உண்மையான பதில்தான் போகும்.

தங்கள் மனைவியின் உடன்பிறந்தவனும்
தங்கள் மைத்துனனுமான
தாணுமாலயன்

இணைப்பு:
1. டாக்டர் எழுதித்தந்த அழுத்த அளவுச் சீட்டின் நகல்.
2. அக்கா உறங்கும் புகைப்படம் ஒன்று. 16 நவம்பர் 2014, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 7.10, நன்றாக வெயில் வந்த பிறகு எடுத்தது. எடுத்தது அவளுக்குத் தெரியாது. மலருக்குக் கொடுக்கும் படியில் இது இல்லை, உங்களுக்கு மட்டும்.