பாலக்கரைக்கு நான் போட்ட மதிப்பெண்

2024 ஜூன் 11, செவ்வாய்

ஆறாம் வகுப்பில் சம்ரீன் என்றொரு பெண் ஒருமுறை கேட்டாள்: "டீச்சர், நீங்க குடியிருக்கிற தெரு நல்ல தெருவா, மோசமான தெருவா?" ஒப்பிடுதல் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. நோட்டில் நடுவே ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கம் நல்லதையும் மறுபக்கம் கெட்டதையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கூட்டச் சொன்னேன். விடை தானாக வந்துவிடும் என்றேன். வகுப்பு மொத்தமும் கோடு கிழித்தது. நான் மட்டும் என் தெருவுக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

இப்போது போட்டாக வேண்டும். மகன் செந்தமிழன் சென்னையிலிருந்து பேசினான். ஸ்ரீரங்கத்தில் அவன் வாங்கிப் போட்ட அடுக்குமாடி வீடு காலியாகிவிட்டதாம். "லிஃப்ட் இருக்கும்மா, வாட்ச்மேன் இருக்காரு, ஆம்புலன்ஸ் வாசல் வரைக்கும் வரும். பாலக்கரை சந்துல அப்பாவை இன்னும் எத்தனை நாளைக்கு வச்சுப் பாத்துக்குவீங்க?"

எத்தனை நாளைக்கு? எனக்கும் தெரியவில்லை.

என் கணவருக்கு எழுபத்துமூன்று வயது. 'ஷாப்' என்று அவர் சொல்லும் பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருடம் ஃபிட்டர். மறதி நோய் வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஓய்வு பெற்றதை மறந்துவிட்டார், வேலைக்குப் போவதை மறக்கவில்லை. காலை ஆறே முக்காலுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஷாப்புக்குப் போயிட்டு வரேன் பவுனு" என்று கிளம்பிவிடுகிறார். சில நாள் மத்தியானமும். கதவைப் பூட்டினால் கை வீங்கும் வரை தட்டுகிறார். முட்டி வலியோடு நான் பதினேழு படி இறங்குவதற்குள் அவரே திரும்பி வந்துவிடுகிறார். பாதை காலுக்குப் பழகியிருக்கிறது போல.

ஜூன் 12

கோடு கிழித்தேன்.

கெட்டது: மழை பெய்தால் சாக்கடை வாசலுக்கு வரும், 7. லாரியில் சரக்கு இறக்கும் சத்தம், 6. செங்குத்துப் படி, 9. ஆம்புலன்ஸ் சந்துக்குள் நுழையாது, 10.

நல்லது: மருந்துக் கடை கூப்பிடு தூரம், 8. காந்தி மார்க்கெட் பக்கம், 6. மாதா கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் இருப்பதால் கடிகாரமே வேண்டாம், 3. சகாயம்மாள் இட்லி, 5.

கூட்டினால் கெட்டது முப்பத்திரண்டு, நல்லது இருபத்திரண்டு. வித்தியாசம் பத்துதான். பத்து மதிப்பெண்ணுக்காக முப்பத்தொரு வருடம் இருந்த இடத்தைவிட்டுப் போவார்களா? தெரியவில்லை. யோசிக்க வேண்டும்.

ஜூன் 19, புதன்



காலையில் அவர் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு வேட்டியைக் கட்டாமலே இறங்கிவிட்டார். வேட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். தெருமுனையில், சகாயம்மாளின் இட்லி வண்டிக்கு முன்னால், அரை டிராயரோடு நிற்கிறார். சுற்றிலும் ஆள்.

சகாயம்மாள் சிரித்துக்கொண்டே, "அண்ணே, இன்னைக்கு ஷாப்புக்கு லீவு விட்டாச்சு. நாலு இட்லி வாங்கிட்டு வீட்டைப் பாக்கப் போங்க. டீச்சர் அடுப்பே பத்த வைக்கலையாம்!" என்கிறாள்.

எதிரே சைக்கிள் கடை ஷேக் தாவூது பாய் அவர் பங்குக்கு: "நீங்க ரிப்பேர் பண்ணுன வண்டி ஒன்னுகூட இன்னும் கெடல அண்ணே. கெட்டாத்தானே வேலை?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்கு என்ன வந்ததோ, வகுப்பில்கூட அப்படிக் கத்தியதில்லை. "அவரை வச்சு விளையாடுறீங்களா? உங்க வீட்டு ஆம்பளைக்கு இப்படி வந்தா சிரிப்பீங்களா?"

சகாயம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இல்லீங்க டீச்சர்" என்றாள். தாவூது பாய் வேட்டியை என் கையிலிருந்து வாங்கி அவருக்குக் கட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். கெட்டது பக்கத்தில் எழுதினேன்: நம் கஷ்டம் தெரு முழுவதற்கும் தெரியும். பத்துக்குப் பத்து.

ஜூலை 2, செவ்வாய்

ஸ்ரீரங்கம் வீட்டைப் பார்த்து வந்தோம். ரயில் நிலையத்துக்குப் பக்கம், மூன்றாவது மாடி. பால்கனியில் நின்றால் ராஜகோபுரம் தெரிகிறது. நல்ல காற்று. படிக்கட்டைத் தொடவே வேண்டாம். குழாயில் எப்போதும் தண்ணீர்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் பெருமையாகச் சொன்னார்: "இங்க யாரும் யார் விஷயத்துலயும் தலையிட மாட்டாங்கம்மா. அவங்கவங்க வேலை அவங்கவங்களுக்கு."

அந்த வரியை அப்படியே நல்லது பக்கம் எழுதி ஒன்பது போட்டேன். என் மனதுக்குப் பத்துதான். புது இடம் என்று ஒன்று குறைத்தேன்.

இவர் ஒவ்வோர் அறையாகப் போய் மின்விசிறிச் சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்த்தார். பிறகு, "வேலை சுத்தமா இருக்கு. கிளம்பலாமா?" என்றார். யாருடைய வீட்டுக்கோ வேலை பார்க்க வந்த மாதிரி.

ஜூலை 21

ஆடி பிறந்துவிட்டது. ஆவணியில்தான் வீடு மாற வேண்டும் என்கிறாள் இளவேனில். கோயம்புத்தூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள் என் மகள், ஆடிக்குப் பயப்படுகிறாள்! சரி, ஒரு மாதம் கிடைத்தது. மனம் மாறினாலும் மாறலாம்.

ஜூலை 30

மாறவில்லை. சகாயம்மாள் இப்போது என் முகத்தைப் பார்த்து இட்லி கட்டுவதில்லை. அவர் மட்டும் தினமும் போகிறார், வருகிறார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

பால் காய்ச்சியாகிவிட்டது. சாமான் ஏற்றும்போது தாவூது பாயின் மனைவி வஹீதா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சகாயம்மாள் வண்டிப் பக்கமே நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி இரண்டடி எடுத்து வைத்தாள். பிறகு, "அண்ணனைப் பாத்துக்குங்க டீச்சர்" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பத்தெட்டு வருடமாக வேறு என்ன செய்துகொண்டிருக்கிறேனாம்?

வண்டி நகர்ந்ததும் முடிவு செய்துவிட்டேன். அங்கே யாரிடமும் அவர் நோயைப் பற்றி மூச்சு விடக் கூடாது. ஒரு மரியாதையான பெரியவராக இருக்கட்டும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

நிம்மதி. முட்டி வலிகூடக் குறைந்திருக்கிறது. தூங்குகிறேன்.

எதிர்வீட்டுப் பெண் லிஃப்டில் புன்னகைக்கிறாள். பெயர் தெரியாது. அவளும் கேட்கவில்லை. இவர் காலையில் எழுந்ததும் எந்தப் பக்கம் வாசல் என்று தேடுகிறார், தெரியாமல் உட்கார்ந்துவிடுகிறார். பன்னிரண்டு நாளாக ஷாப் பேச்சே இல்லை. இடமாற்றம் நல்லதுதான் செய்திருக்கிறது என்று செந்தமிழனுக்குச் சொன்னேன். அவனுக்கும் சந்தோஷம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

காணோம்.

ஆறே முக்காலுக்கு நான் குளியலறையில் இருந்தேன். அவ்வளவுதான். வந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது. பால்கனியிலிருந்து கத்தினேன். ஒரு சன்னல்கூடத் திறக்கவில்லை.

வாட்ச்மேன் பதறிப்போய்ச் சொல்கிறார்: "ஐயா டிப்டாப்பா வந்தாரும்மா. வேலைக்குப் போறேன்னாரு. சல்யூட் அடிச்சு கேட்டைத் திறந்து விட்டேன். ஏம்மா, ஐயாவுக்கு என்னம்மா?"

என்னன்னு சொல்லியிருக்கணும். யாருகிட்டயாவது சொல்லியிருக்கணும். நான்தானே சொல்லல. இப்ப மணி நாலு. போலீஸ்ல எழுதிக் கொடுத்தாச்சு. பாலக்கரைக்குப் போன் போட்டேன் – அங்க வரல. அங்கிருந்து இங்க வர்ற ஒன்றாம் நம்பர் பஸ்லயும் அவங்க தேடிட்டாங்க. எங்க போயிருப்பாரு? சாப்பிடாம மாத்திரை போடாம

செப்டம்பர் 18

கிடைத்துவிட்டார். நம்பர் ஒன் டோல்கேட் பக்கம். பாலக்கரையில் தெருமுனைக்கு வந்து இடப்பக்கம் திரும்பினால் பொன்மலைப் பாதை. இங்கேயும் இடப்பக்கமே திரும்பியிருக்கிறார். அது வடக்கே போகிற சாலை. கொள்ளிடப் பாலத்தை நடந்தே கடந்திருக்கிறார். இருட்டும் நேரத்தில் ஒரு பைக் இடித்துவிட்டது. இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. யார் என்று கேட்டவர்களிடம் ஊழியர் எண்ணைச் சொல்லியிருக்கிறார். பெயர் வரவில்லை.

செப்டம்பர் 21, சனி

அறுவை சிகிச்சை முடிந்தது. சகாயம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள், கடையைப் போடாமல். தூக்குவாளியில் கஞ்சி. அவருக்கு ஊட்டிவிட்டாள். அவருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்: "சகாயம், அவரு தினமும் தானா திரும்பி வந்துருவாரே. இங்க வந்து மட்டும் ஏன் இப்படிப் போனாரு?"

அவள் தலைகுனிந்தாள். "தானா வரலீங்க டீச்சர். காலையில நான் திருப்பி விடுவேன். மத்தியானம்னா பாய் பாத்துக்குவாரு. சாயங்காலம் வஹீதாக்கா மாடியிலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கும். ரெண்டு வருஷமா முறை வச்சிருந்தோம். சும்மா போங்கன்னா அண்ணன் கேக்க மாட்டாரு, சண்டைக்கு வருவாரு. சிரிச்சுப் பேசினா திரும்பிடுவாரு. அதான் சிரிச்சோம்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான். அன்னைக்கு நீங்க திட்டினப்ப சொல்லிடலாம்னு பாத்தேன். எல்லாரும் நின்னாங்க."

இருபத்தொன்பது வருடம் விடைத்தாள் திருத்தியவள் நான். பாதி விடையைப் பார்க்காமலே மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 6

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஆம்புலன்ஸ் வாசல் வரை வந்தது. இனி நடக்க வாய்ப்பில்லை என்கிறார் டாக்டர்.

அக்டோபர் 15

பாலக்கரைக்கே திரும்பிவிடலாமா என்று இளவேனிலிடம் கேட்டேன். "பதினேழு படிம்மா" என்றாள்.

பதினேழு படி.

நவம்பர் 24, ஞாயிறு

மழை. கோபுரம் தெரியவில்லை.

இப்போது இந்த வீடுதான் அவருக்கு எல்லா வகையிலும் பொருத்தம். கட்டில் திரும்ப இடம் இருக்கிறது, சக்கர நாற்காலி லிஃப்டில் நுழைகிறது, குழாயில் தண்ணீர் நின்றுபோவதில்லை. அடுத்தவர் விஷயத்தில் யாரும் தலையிடுவதில்லை. கூட்டிப் பார்த்தால் ஸ்ரீரங்கம்தான் ஜெயிக்கும். தெருவில் இறங்கி நடக்க முடியாதவருக்கு எந்தத் தெருவானால் என்ன?

காலையில் அவர் மணி கேட்பதில்லை. சட்டையைக் கேட்பதில்லை. முகம் துடைத்துவிட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். கதவை நான் தாழிடுவதே இல்லை.

செந்தமிழா, இளவேனில், இந்த நோட்டு உங்கள் இருவரில் ஒருவர் கைக்குத்தான் வரும். நாளைக்கு எனக்காகவோ வேறு யாருக்காகவோ வீடு பார்க்கப் போவீர்கள். அப்போது இதை மட்டும் செய்து பாருங்கள்: அங்கே குடியிருக்கப் போகிறவரை அந்தத் தெருவில் தனியாக முன்னால் நடக்கவிட்டு, இருபதடி தள்ளி, வாயைத் திறக்காமல், யார் அவரிடம் நின்று பேசுகிறார்கள் என்று மட்டும் பார்த்தபடி பின்னாலேயே நடந்து போங்கள்.