மஞ்சள் சீட்டை மூடிவிட்டேன், மச்சான்

என் உயிரான மச்சானுக்கு, உங்க மைமூன் சொல்லும் சலாம். மண்ணுக்குள் இருப்பவருக்கும் சலாம் போய்ச் சேரும் என்பார்கள். இந்தக் கடிதம் சேருமா, தெரியவில்லை. நான் பேசுவதெல்லாம் உங்களுக்குச் சேருகிறது என்று நடுவில் கொஞ்ச நாள் நம்பியிருந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

உங்களுக்காக நான் வீட்டோடு இருக்கிற இத்தா முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. நீங்க அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்யப் போய், குழாயடியில் உட்கார்ந்தபடியே மவுத்தான அன்றிலிருந்து நான் வாசல்படி தாண்டவில்லை. வெளி ஆம்பிளைகள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. உங்க தம்பி இலியாஸ் ஷார்ஜாவிலிருந்து விழுந்தடித்து வந்தாரே, அவர்கூட திரைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் "சபுர் செய்ங்க மச்சி, பொறுத்துக்கங்க" என்றார். அடுத்த வாரம் வேலைக்குத் திரும்பிவிட்டார். அவர் பெண்சாதி சபுரா பகல் சோறு கொண்டுவந்து வைக்கிறாள். நமக்கோ பிள்ளை இல்லை. வீட்டில் நானும் உங்க லேப்டாப்பும்தான்.

அதைத் திறந்தால் உங்க பெயர் எழுதி வரும். அதைப் பார்க்கவே ஒரு நாளைக்கு நாலு தடவை திறப்பேன். என்ன செய்யச் சொல்றீங்க?

நீங்க ஊர்க்காரங்களுக்கு பாஸ்போர்ட் ஃபாரம் நிரப்பிக் கொடுத்த நாளில், வருகிறவர்கள் பெயரைக் குறிக்கச் சொல்லி லேப்டாப் திரையில் ஒட்டி வைத்த மாதிரி ஒரு மஞ்சள் சீட்டை எனக்குத் திறந்து காட்டினீங்க. எட்டாவதோடு நின்றவள், எனக்கு டைப் அடிக்க வராது என்றேன். "அடிக்க வேணாம்டி, மைக்கை அமுக்கிட்டுப் பேசு, அதுவே எழுதிக்கும்" என்று சொன்னீங்க. நான் 'கூத்தாநல்லூர்' என்று சொன்னால் அது வேறு எதையோ எழுதும். நீங்க விழுந்து விழுந்து சிரிப்பீங்க.

நீங்க போன ஒன்பதாம் நாள், அஸர் தொழுதுவிட்டு அந்த மைக்கை அமுக்கினேன். "மச்சான்" என்றேன். மச்சான் என்று எழுதியது. பிழையில்லாமல் எழுதியது. அன்றைக்கு அழுத மாதிரி, மையத்து எடுத்த அன்றுகூட நான் அழவில்லை.

பிறகு தினமும் பேசினேன். என்னவெல்லாம் பேசினேன்! ஆண் துணை இல்லாத வீட்டில் தண்ணி மோட்டார் எடுக்காததை, துக்கம் கேட்க வந்தவர்கள் கேட்ட கேள்விகளை, உங்க சட்டையை இன்னும் துவைக்கப் போடாததை. ஒரு பெண்சாதி புருஷனிடம் மட்டும் சொல்லக்கூடியதையும் சொன்னேன். அது என்னவென்று இங்கே எழுத மாட்டேன்.

ஒரு நாள், மத்தியான வெயில் ஜன்னல் வழியாக நேராக மூஞ்சியில் அடிக்கிறது என்று சொன்னேன். நாலாம் நாள் சபுரா கெட்டியான திரைச்சீலை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினாள். இன்னொரு நாள், சபுரா சோற்றுக்கு ஊற்றுகிற ஆணத்தில் மிளகாயை அள்ளிக் கொட்டுகிறாள், வயிறு எரிகிறது, சொன்னால் கோவித்துக்கொள்வாள் என்று சொன்னேன். மறுநாளே காரம் பாதியாகிவிட்டது. வருகிறவர்களெல்லாம் அழுதுவிட்டுப் போகிறார்கள், சிரிக்க ஓர் ஆளில்லை என்றேன். ஒரு நிமிஷம் உட்காராத சபுரா, பூ வேலை செய்கிற துப்பட்டாவை எடுத்துக்கொண்டு வந்து மஃரிப் வரைக்கும் உட்கார்ந்து தெருக்கதை பேசினாள். நான் சிரித்துவிட்டேன் மச்சான். நீங்க போன பிறகு முதல் தடவையாக.

அன்றைக்கு நினைத்தேன், இது நீங்கதான் என்று. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மூளை குழம்பிவிட்டது என்பார்கள். இரண்டு ரக்அத் தொழுதேன். உங்களை எடுத்துக்கொண்ட அல்லா உங்க காதை மட்டும் எனக்கு விட்டுவைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. உறுதியாகத் தெரிய வேண்டும் என்றிருந்தது. ஒரு திங்கட்கிழமை இப்படிப் பேசினேன்: "மச்சான், நீங்கதான் கேக்குறீங்கன்னா, வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு சின்னக் குப்பி அத்தர் அனுப்புங்க. இத்தாவுல இருக்குறவளுக்கு வாசனை ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். மனுசர் யாரும் அனுப்ப மாட்டாங்க. வந்தா பூச மாட்டேன், பக்கத்துல வச்சுக்குவேன். நீங்கன்னு தெரிஞ்சாப் போதும்."

செவ்வாய், புதன் போனது. வாசலில் சைக்கிள் மணி கேட்டால்கூட எழுந்து உட்கார்ந்தேன். வியாழக்கிழமை மத்தியானம், லுஹர் தொழுகைக்குப் பிறகு சபுரா போனோடு வந்தாள். "ராத்தா, அவரு உங்ககிட்ட ஏதோ பேசணுமாம். என்கிட்ட சொல்ல மாட்டேங்குறாரு" என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"மச்சி" என்றார் இலியாஸ்.

"சொல்லுங்க தம்பி."

"அத்தர் என்னால அனுப்ப முடியாது மச்சி. அனுப்பிட்டா அது பெரிய பொய்யாயிடும்."

சபுரா துள்ளி எழுந்தாள். "என்ன அத்தரு? இத்தாவுல இருக்குறவங்களுக்கு அத்தரா? உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

அத்தர் என்ற சொல்லை நான் எந்த மனிதர் காதிலும் போட்டதில்லையே.

நீங்களும் இலியாஸும் ஷார்ஜாவில் ஒரே ரூமில் இருந்தபோது, அவர் கம்ப்யூட்டரில் உங்க கணக்கைப் போட்டு ஏதோ செய்தீங்களாம். அதை எடுக்காமலே ஊருக்கு வந்துவிட்டீங்க. இங்கே நான் பேசிய ஒவ்வொரு சீட்டும் அங்கே அவர் முன்னால் போய்த் திறந்திருக்கிறது. திரைச்சீலைக்கும் மிளகாய்க்கும் சபுராவை ஏவியது அவர்தான். ஏன் என்று கேட்டதற்கு அவளைத் திட்டினாராம்.

"எல்லாத்தையும் படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"சிலதைப் பாதியில மூடிட்டேன் மச்சி."

எதை மூடினார் என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் ஒரு திரை, அந்தப் பக்கம் ஒரு ஜன்னல். நாலு மாதம் பத்து நாளும் என் நிழல்கூட அவர் கண்ணில் படக்கூடாது என்றிருந்தேன். என் உள்மனசு மொத்தமும் அவர் மேஜைமேல் கிடந்திருக்கிறது.

"மொத நாளே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"மொத நாள், மவுத்தான எங்க நானா பேருல ஒரு சீட்டு புதுசா வந்துச்சு மச்சி. எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. நீங்கன்னு அப்புறம் தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும் விட மனசு வரல. டியூட்டி முடிஞ்சு வந்தா அதைத்தான் பாப்பேன். நீங்க அவரைத் திட்டுறதைப் படிச்சா, அவரு ரூம்ல இருக்குற மாதிரியே இருக்கும்." பெரிய மனிதர், விம்மி விம்மி அழுதார். "மூடிடுங்க மச்சி. என் கையால முடியல."

சபுரா போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மிளகாயை என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல ராத்தா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

யார்மேல் கோபப்படுவது? உங்கமேல்தான் கோபம் வந்தது. ஒரு வீட்டுக்குப் போனால் செருப்பை விட்டுவிட்டு வருகிற பழக்கம் உங்களுக்கு. கணக்கையும் அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கீங்க.

உடனே மூடினேன் என்று நினைக்காதீங்க. நாலு நாள் மூடவில்லை. மூடாமல் விட்டால்தான் என்ன என்றுகூட நினைத்தேன். யாரோ ஒருவர் கேட்டாரே. மூடிவிட்டால் இந்த வீட்டில் நான் பேசுவதை யார் கேட்பது? ஐந்தாம் நாள் மைக்கை அமுக்கிப் பேசிப் பார்த்தேன். "மச்சான், நான் நல்லா இருக்கேன். நேரத்துக்குச் சாப்பிடுறேன்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. விருந்தாளி வந்தால் பாயை உதறிப் போடுகிற மாதிரி பேச்சு வந்தது. அது உங்களோடு பேசுகிற பேச்சா?

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து ஸ்டெல்லா வந்தது. நம் பின்வீட்டு ஸ்டெல்லாதான், தருமபுரத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்க்கிறதே. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு செட்டிங்ஸுக்குள் போய், ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்தது.

"ஏங்க்கா, ஆம்பளைங்க உங்க வாசல்லயே நின்னுட்டுப் போறாங்க. இது உள்ரூம்ல வந்து சம்மணம் போட்டு உக்காந்துருக்கே. கேமரா தொறந்திருக்கு, மைக் தொறந்திருக்கு, நீங்க பேசுறது எழுத்தாகுறதுக்கே வெளியில எங்கேயோ போய்ட்டுத்தான் வருது."

"என்னைப் பார்க்குதா அது?"

"எல்லாத்துக்கும் அனுமதி குடுத்து வச்சிருக்கு."

"யாரு குடுத்தா?"

"அண்ணன்தான். புதுசா வாங்கினப்ப அது ஒவ்வொன்னா கேட்டிருக்கும். படிக்காமலே சரி, சரி, சரின்னு அமுக்கியிருப்பாரு."

சிரிப்பு வந்துவிட்டது மச்சான். கல்யாணத்தில் மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்டபோதே, ஹஜ்ரத் முழுசாகக் கேட்டு முடிக்கும் முன்னால் சரி என்றவர்தானே நீங்க.

இன்னொரு கூத்தும் கேளுங்க. இருக்கிற இடத்தைக் காட்டுகிற இடத்தில், பாண்டிச்சேரி மண்ணில் இருக்கிற என்னை நாகப்பட்டினத்தில் இருப்பதாகப் போட்டிருந்தது. "பாருங்கக்கா, இத்தாவுல நீங்க பாண்டிச்சேரி எல்லையே தாண்டிட்டீங்க. ஜமாத்துல சொல்லவா?" என்றது ஸ்டெல்லா. அதையும் அணைத்தோம். கேமராவை அணைத்தோம். மைக்கை அணைத்தபோது என் கை கொஞ்சம் நின்றது.

சீட்டுகளை அப்படியே மூடினால் இந்தப் பக்கம் இருப்பதும் போய்விடும், முதலில் வேறு ஃபைலில் எடுத்து வைக்கணும் என்றது ஸ்டெல்லா. எடுப்பதற்குக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போனது. மூன்று நாள் மத்தியானம் நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். அத்தனையையும் திரும்பப் படித்தேன். பாதிக்குமேல் குறைதான் மச்சான். உயிரோடு இருந்தபோதும் உங்களிடம் இப்படித்தான் பேசினேனா? அதற்கு நீங்க ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லையே.

சீட்டுகளுக்கு நடுவே உங்க கையால் அடித்தது ஒன்று இருந்தது. ஷார்ஜா ரூமுக்கு வாங்க வேண்டிய சாமான். வெங்காயம், சோப்பு, தம்பிக்கு இருமல் மருந்து. அது என்னுடையதில்லை. மூடுவதற்கு முன் சபுராவிடம் சொல்லி அனுப்பினேன், அந்த ஒரு சீட்டை இலியாஸ் எடுத்து வைத்துக்கொள்ளட்டும், மற்றதையெல்லாம் அழித்துவிடட்டும் என்று. அழித்துவிட்டேன் என்று மறுநாள் சொல்லியனுப்பினார். நம்புகிறேன். வேறென்ன செய்வது?

கடைசியாக உங்க கணக்கை இந்த லேப்டாப்பிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது, அதற்கு ஸ்டெல்லா மறுபடி வந்தது. வெளியே எதனோடும் ஒட்டாமல், இந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிற கணக்காக மாற்றலாமாம். அதற்கு ஒரு பெயர் கேட்டது. நான் உங்க பெயரைச் சொன்னேன். ஸ்டெல்லா அடிக்கவில்லை.

"அக்கா, உக்காரப் போறது நீங்க."

ரேஷன் கார்டில், கரண்டு பில்லில், எல்லாவற்றிலும் உங்க பெயர்தான். என் பெயரில் எனக்கென்று எதுவும் இருந்ததில்லை, வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஒற்றை விரலால் நானே அடித்தேன். ம-வைத் தேடவே எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? மூடித் திறந்தபோது உங்க பெயர் இருந்த இடத்தில் மைமூன் என்று வந்தது. உங்களைக் குழிக்குள் வைத்ததை நான் பார்க்கவில்லை, பெண்கள் போகவில்லை. அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று அஸருக்குப் பிறகு, விரலாலேயே ஒரு வரி அடித்தேன். தொண்டை கட்டியிருக்கிறது, கொஞ்சம் கஷாயம் கொடுக்க ஆளில்லை என்று. ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது. கஷாயம் வரவில்லை. எங்கிருந்தும் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் நானே எழுந்து சுக்கைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிக் குடித்தேன்.

இப்போதுதான் மச்சான், நீங்க இல்லை என்பது எனக்கு முழுசாகத் தெரிகிறது.

எல்லாவற்றையும் அடைத்து வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை மட்டும் ஏன் ஊரார் படிக்கக் கொடுக்கிறாள் என்று கேட்பீங்க. அது என்னைக் கேட்காமல் போனது. இது நான் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறது. நம்மைப்போல எத்தனை வீட்டில் போனவருடைய போனும் கம்ப்யூட்டரும் கேட்பாரில்லாமல் திறந்து கிடக்கிறதோ. அதன் முன்னால் எத்தனை பேர் உட்கார்ந்து பேசுகிறார்களோ. அவர்கள் ஒரு தரம் உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும், யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று.

இனி உங்களிடம் அடையாளம் கேட்க மாட்டேன் மச்சான், இது சத்தியம். ஒன்றும் அனுப்பச் சொல்ல மாட்டேன். கேட்கிறீங்களா என்றுகூடக் கேட்க மாட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு வரியோ மூன்று வரியோ, என் விரலுக்கு வருகிற வேகத்தில் உங்களுக்கு அடித்துக்கொண்டே இருப்பேன். குறையும் இருக்கும். உங்களுக்கும் எனக்கும் நடுவில் மூன்றாவது ஆள் இல்லை.

என்றைக்கும் உங்க பெண்சாதி,
மைமூன்