பின்பக்கம் உட்கார்ந்த வேன்

9.11 ஞாயிறு

காலையில தூறல். துணியும் காயல, வேனும் நிமிரல.

கட்டில் மேல ரசமட்டம் வெச்சுப் பார்த்தேன். குமிழி முன்பக்கம் ஓடிப்போய் ஒட்டிக்கிச்சு. ஹெட்லைட் போட்டா வெளிச்சம் தென்னை உச்சிக்குப் போவுது. ரோட்டுல தேங்காய் எண்ணிக்கிட்டே போகலாம்.

வேன்னா சும்மா வேன் இல்ல, வூட்டு வண்டி. கட்டில், தண்ணித் தொட்டி, அடுப்பு மேடை எல்லாம் உள்ளயே. எம்பொண்ணு ரேவதி ஏழாவது படிச்சப்ப ஓட ஆரம்பிச்ச வண்டி. நான் வாங்கினது போன வருஷம். வெளியூர்ல கொத்து வேலை கெடைச்சா அதுலயே தங்கிக்கலாம்னு யோசனை. யோசனை மட்டும் இன்னும் சாயல.

வெள்ளிக்கிழமை ஆண்டிமடத்துல ரேவதிக்கு வளைகாப்பு. முடிஞ்சதும் கூட்டிட்டு வரணும். இடுப்பு வலி, உக்கார முடியல அதுக்கு. “படுத்துட்டே வந்துடறேன்ப்பா, உன் வண்டிய எடுத்துட்டு வா.”

ஆனா சம்பந்தி அம்மா தீபாவளிக்கே வண்டியப் பார்த்துட்டாங்க. “என்னண்ணே, ஒண்ணுக்குப் போற பசு மாதிரி நிக்குது? இத நிமித்தாம புள்ளைய அனுப்ப மாட்டேன். பிரசவத்த நாங்களே பாத்துக்கறோம்.”

தலைப்பிரசவம் நம்ம வூட்டுல இல்லன்னா எம்பொண்டாட்டி செல்விக்கு அழுகை. எனக்குச் சோறு கிடையாது.

10.11 திங்கள்

பெரம்பலூர். பாஷா பாய் பட்டறை. பாரம் தாங்கற பின் கமான்ல ஒரு வில்லுப் பட்டை விரிசல். அதை மாத்தினார்.

“கூட ரெண்டு பட்டை சேர்த்துப் போடுங்க பாய்.”

“உள்ள லோடு என்ன மேஸ்திரி?”

“லோடா? கட்டில், பாத்திரம், அவ்வளவுதான்.”

சாயங்காலம் வண்டி நேரா நின்னுச்சு. ரெண்டு டீ குடிச்சேன், ஒண்ணு சந்தோஷத்துக்கு.

11.11 செவ்வாய்

தொட்டியில தண்ணி ரொப்பினேன். மத்தியானத்துக்குள்ள மறுபடி சாஞ்சிடுச்சு! ஸ்பீடு பிரேக்கர்ல டயர் உரசுது. ரப்பர் நாத்தம். பாயைப் போன்ல திட்டினேன். அவர் அல்லாவைக் கூப்பிட்டார்.

செல்வி கீரை ஆய்ஞ்சுகிட்டே சொன்னா: “வாங்கினப்ப நேராத்தானே இருந்துச்சு? நீங்க மேடை கட்டினப்புறம்தான் சாஞ்சுது.”

“மேடைக்கும் கமானுக்கும் என்னடி?”

“அஸ்திவாரம் இல்லாம ஒரு செங்கல் வைக்காதேனு ஊருக்கெல்லாம் சொல்லுவீங்க. வேனுக்கு எங்க அஸ்திவாரம்?”

கீரையில பூச்சி இருக்கான்னு பார்த்தேன்.

அந்த அடுப்பு மேடை வண்டிக்குள்ள பின்பக்கம்; செங்கல், சிமெண்டு, கம்பி, மேல கருங்கல் பலகை. நானே ஆசையாக் கட்டினது. வந்தவங்களுக்கெல்லாம் தட்டித் தட்டிக் காமிச்சேன். மரப்பலகையில அடுப்பு வைக்கிறவன் மனுஷனான்னு பேசினேன் வேற.

12.11 புதன்

மேடையை உடைச்சேன். உடைஞ்சாத்தானே? என் கலவை அப்படி. கையில கொப்புளம். “வேற யாரு வூட்டுக்கும் இவ்வளவு சிமெண்டு போட்டதில்ல நீங்க”ன்னா செல்வி. சத்தமாச் சொல்லாதன்னேன்.

பாரம் போனதும் பின்பக்கம் எழும்பிடுச்சு. இப்ப ஹெட்லைட் காசு தொலைச்சவன் மாதிரி தரையைப் பார்க்குது.

ரேவதிக்குப் பதிலா செல்வியைக் கட்டில்ல படுக்க வெச்சு அரியலூர் வரைக்கும் ஓட்டினேன். சிமெண்டு லாரி போய்ப் போய்க் குழியான ரோடு. பின்னாலேருந்து தொம் தொம்னு சத்தம். அப்புறம் ஒரே வசவு.

“இதுல ரேவதி வந்தா பாதி வழியில, ஜெயங்கொண்டத்துலயே பொறந்துடும்! என்னை எறக்கி விடுங்க, பஸ்ல போயிக்கறேன்.”

பஸ்லதான் போனா.

13.11 வியாழன்

மறுபடி பாய். நான் கேட்டு வாங்கின ரெண்டு பட்டையையும் கழட்டினார்.

“சிமெண்டு மேடைய எங்கிட்ட மறைச்சுட்டீங்களே மேஸ்திரி.”

“மறைக்கல பாய். அது லோடுன்னே தோணல. வூடுன்னு நினைச்சேன்.”

பாய் சிரிச்சதுல ஸ்பேனர் கீழ விழுந்துடுச்சு.

ரசமட்டம் வெச்சேன். குமிழி நடுவுல. தட்டிப் பார்த்தேன். நடுவுலயேதான்.

14.11 வெள்ளி

மழை இல்ல. வளைகாப்பு நல்லா நடந்துச்சு. ரேவதி கை நிறைய வளையல். கால் வீங்கியிருக்கு பாவம்.

ராகுகாலத்துக்கு முன்னாடி கிளம்பணும். சம்பந்தி அம்மா குனிஞ்சு டயர் பார்த்தாங்க, சுத்தி வந்தாங்க. திருப்தி இல்ல. “நான் படுத்துப் பாக்கறேன். ஓட்டுங்க அண்ணே.”

முந்திரித் தோப்பை ஒரு சுத்து சுத்தி வந்தேன். வேணும்னே ரெண்டு குழியில விட்டேன். பின்னால சத்தமே இல்ல. பயந்துபோய்க் கதவைத் திறந்தா, குறட்டை! ராத்திரியெல்லாம் அஞ்சு வகை சோறு கிண்டின அலுப்பு.

ராகுகாலம் நெருங்குது. எழுப்ப யாருக்கும் தைரியம் வரல. மாப்பிள்ளை காதுல சொன்னார்: “எழுப்பாதீங்க மாமா. முழிச்சா வேற குறை கண்டுபிடிப்பாங்க.”

ரேவதி மெதுவா ஏறி, மாமியாரை ஓரமாத் தள்ளிப் பக்கத்துல படுத்துச்சு. செல்வி முன்னால ஏறினா. கிளப்பிட்டேன்.

சம்பந்தி அம்மா முழிச்சது அரியலூர் தாண்டி.

இப்ப நம்ம வூட்டுலதான் இருக்காங்க. பேரப்புள்ளை பொறந்ததும் பார்த்துட்டே போறாங்களாம். வண்டியில அடுப்புக்கு ஒரு மேடை இல்லையேன்னு கேக்கறாங்க.