பின் அடித்த பக்கங்கள்

கார்த்திகை, செவ்வாய் இரவு

நூலகத்துக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கவிதாவுக்குப் போன வாரம் ஒரு சரித்திர நாவல் கொடுத்தேன். கொடுக்கும் முன் சில பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்தேன். போரை நிறுத்துவதற்காகப் பதின்மூன்று வயது இளவரசியை எதிரி மன்னனுக்குக் கட்டிக்கொடுக்கும் இடம் அது. அந்த வயதுக்கு வேண்டாம் என்று நானாகவே முடிவு செய்தேன். தலைகள் உருளும் போர்க்களத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். அது ஏன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்று புத்தகம் திரும்பி வந்தது. பின்கள் இல்லை.

"அத ஏன்க்கா மறச்சீக?" என்று கேட்டாள்.

"ஒனக்கு இப்ப வேணாம்னுதான்."

"அந்தப் புள்ளகிட்ட கடைசி வரைக்கும் யாருமே ஒரு வார்த்த கேக்கலக்கா." பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் பேசிக்கிட்டு இருக்காக. கம்பத்து மாமாவுக்கு. தையில கல்யாணம்னு."

அதற்குள் யாரோ பேப்பர் கேட்டு வந்து நின்றார். எடுத்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் சைக்கிளில் ஏறியிருந்தாள். ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். நான் புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

காலையில் எழுந்ததும் குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிட வேண்டும். அந்த எண் போட்ட நோட்டீஸை நூலகச் சுவரில் ஒட்டியது நான்தான். பிறகு இடமில்லை என்று போடி ஏலக்காய்க் கடைக் காலண்டரை அதன் மேலேயே மாட்டியதும் நான்தான்.