சந்திரம்மாளின் பாயசத் தூக்கு

என்னங்க,

ஜீயபுரத்துக்கு அக்காவைப் பார்க்கப் போறேன். சாயங்கால பஸ்ஸில் வந்துடுவேன். சோறும் ரசமும் அடுப்படியில் மூடி வச்சிருக்கேன். பக்கத்துத் தூக்கில் இருக்கிறது பாயசம். என் சிநேகிதி சந்திரம்மாள் காலையில் கொண்டு வந்து, "உன் வீட்டுக்காரருக்குன்னே வச்சேன்டி"ன்னு சொல்லிட்டுப் போனா.

பத்திரிகையில் நீங்க எழுதற தொடர்கதையை அவளும் படிச்சுட்டா. கதாநாயகிக்குப் பாயசத்தில் விஷம் வைக்கிற சிநேகிதிக்குப் பேரை மட்டும் மாத்திட்டு, இவளோட மோவாய் மச்சத்தையும் பொறந்த ஊர் லால்குடியையும் அப்படியே விட்டா ஊருக்குத் தெரியாதா? "இந்த ஆளைக் கட்டிக்காதே"ன்னு அன்னைக்கு எங்கிட்ட சொன்னவளைப் பழிவாங்க இதுதான் வழியா? பழைய வாழ்க்கையை விட்டு ஓடி வர்ற கதாநாயகியைக் காப்பாத்துற வீரன் மட்டும் அச்சு அசலா நீங்கதான். வழுக்கை ஒண்ணைத்தான் காணோம்.

தூக்கை வாங்க மத்தியானம் அவளே வருவா. அவ எதிரிலேயே பாயசத்தைக் குடிங்க.

வேலம்மாள்

பி.கு.: பயந்துபோய்க் கொல்லையில் கொட்டிடாதீங்க. நான் ஒரு டம்ளர் குடிச்சுட்டுத்தான் இதை எழுதறேன்.

இன்னொண்ணு: வெறும் தூக்கைத் திருப்பிக் கொடுக்கிறது நம்ம வீட்டு வழக்கம் இல்லை. விஷம் வச்சது அந்த வீரன்தான்னு அடுத்த வாரத்துக்கு எழுதி, அந்தத் தாளை உள்ளே போட்டுக் கொடுங்க.